ஒரு கையில் ஏழு விரல்

மார்ச் 2, திங்கள்

நோன்பு மாதத்தில் கோபத்தை அடக்க வேண்டும் என்கிறார்கள். அடக்கிய கோபமெல்லாம் கைப்பேசி வழியாக எங்களிடம்தான் வந்து சேர்கிறது. நானும் செனோவும் நடத்தும் ‘வாரம் மூன்று சண்டை’ நிகழ்ச்சிக்கு இது அறுவடைக் காலம். ஒரு பாட்டு, ஒரு புத்தகம், ஒரு அனிமேஷன் படம். எதை வைத்து ஊர் அடித்துக்கொள்கிறதோ அதை எடுத்து இன்னும் கொஞ்சம் கிண்டிவிடுவோம். ஜாவாவின் ஜோக்ஜா நகரில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ.

இந்த வாரம் பாட்டு: மீனவப் பெண்கள் வலை இழுக்கும்போது பாடும் வரிகளை டாங்டுட் என்னும் ஆட்டப்பாட்டு பாடும் ஒரு பாடகி தன் பெயரில் போட்டுக்கொண்டார். ‘நாட்டுப்பாடல் எல்லோருக்கும் சொந்தம்’ என்கிறார். எல்லோருக்கும் சொந்தமானதில் உன் பெயர் மட்டும் எப்படியம்மா வந்தது? புத்தகம்: ஒரு நாவலாசிரியர் பக்கத்து வீட்டு விவாகரத்தை அப்படியே எழுதிவிட்டார்; அந்த அம்மாள் ஜன்னல் திரையின் நிறத்தை வைத்துத் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கல்யாணத்தை மாற்ற முடியாவிட்டால் திரையையாவது மாற்றியிருக்கலாம் என்பது என் கட்சி.

மூன்றாவது, ‘கடலுக்கொரு மத்தளம்’. பெருநாள் விடுமுறைக்கு வரப்போகும் படம். முன்னோட்டம் நேற்று வெளியானது. தென்கடல் ஓரத்தில் மத்தளம் வாசிக்கும் ஒரு சிறுமியின் கதை. ஒவ்வொரு கோடும் கையால் வரைந்தது என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். செனோ பார்த்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, பாட்டும் புக்கும் ஊறுகாய். சோறு இதுதான்.”

மார்ச் 4, புதன்

கிடைத்துவிட்டது!

முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுமி மத்தளத்தை அடிக்கும் இடம். ஓரிடத்தில் நிறுத்தினால் கையில் ஏழு விரல். ஒன்று பாதி கரைந்து தோலுக்குள் போகிறது. ஏ.ஐ. போட்ட படங்களில் வரும் அதே கை. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டேன்.

செனோ கேட்டான், “அக்கா, உறுதியா?”

“உனக்கு எத்தனை விரல் இருக்கு?” என்றேன். சிரித்தான். பதிவு செய்துவிட்டோம்.

மார்ச் 5, வியாழன்

சிவப்பு வட்டம் நாடு முழுக்கச் சுற்றுகிறது. நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து இத்தனை பேர் பார்த்ததில்லை. காய்கறிக்காரம்மா கூட, “நீங்கதானே அந்த விரல் அம்மா?” என்று கேட்டார். வெட்கம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 7, சனி

படத்தை எடுத்த ஸ்டுடியோ பதில் அறிக்கை விட்டிருக்கிறது. மிகவும் மரியாதையான அறிக்கை. ‘எல்லாக் காட்சிகளும் எங்கள் ஓவியர்களின் கையால் வரையப்பட்டவை’ என்று ஒரு வரி. நிகழ்ச்சியில் செனோ அதை வாசித்துவிட்டு, “ஏழு விரல் இருந்தா வேலை சீக்கிரம் முடியும்ல” என்றான். நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் எல்லோரும் வெட்டி எடுத்துப் பகிர்கிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

படத்துக்கு ஒதுக்கியிருந்த அரங்குகளில் பாதியைப் பிடுங்கி வேறு படத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். செனோ கைதட்டும் பொம்மை அனுப்பினான். நானும் ஒன்று அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நோன்பு திறக்கப் பக்கத்து ஊரான பந்துலில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். வாழைப்பழம் போட்ட கோலாக் பாயசம், பொரித்த சோயா தெம்பே, எல்லாம் வழக்கம்போல. என் கணவர் லம்பாங் தொழப் போயிருந்தார். முகம் கழுவிவிட்டுத் தலை வாரலாம் என்று மாமியார் அறைக்குப் போனால், அலமாரிக் கதவில் கண்ணாடி இல்லை.

“அதுவா, உன் நாத்தனார் கழட்டிட்டுப் போய் அவ ரூம்ல வச்சுக்கிட்டா” என்றார் மாமியார். “அது முன்னாடி உக்காந்து மேசையத் தட்டு தட்டுன்னு தட்டுவா, உடனே குனிஞ்சு வரைவா, மறுபடி தட்டுவா. போன வருஷம் பூரா இதே கூத்து. ஏதோ மத்தளம் வாசிக்கற பொண்ணாம். வெளிய சொல்லக்கூடாதுன்னு கம்பெனில கையெழுத்து வாங்கிட்டாங்களாம், என்கிட்டயே மூச்சு விடல. இப்ப எவளோ அதப் பத்திக் கன்னாபின்னான்னு பேசிட்டாளாம். ராத்திரி எழுந்திரிச்சுச் சாப்பிடக்கூட மாட்டேங்கறா. வெறும் வயித்தோட நோன்பு பிடிக்கறா.”

எவளோ.

நான் போனில் ஏதோ பேசிப் பிழைக்கிறேன் என்பது மட்டுமே மாமியாருக்குத் தெரியும். என்ன பேசுகிறேன் என்று அவர் கேட்டதில்லை.

நாத்தனார் ரத்ரி வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிகளுக்கு வரைகிறாள் என்று எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி, எந்தப் படம் என்று நானும் கேட்டதில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது அவள்தான் பரிமாறினாள். வழக்கமாக “அண்ணி, ஒழுங்கா சாப்பிடு, காத்தடிச்சா பறந்துடுவ” என்று திட்டுபவள். இன்று, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா, அண்ணி? போதுங்களா?” என்றாள். போதுங்களா! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை ‘நீ’ என்றே கூப்பிடுகிற பெண். அந்த ‘ங்களா’ முதுகில் சூடு வைத்ததுபோல் இருந்தது.

தெம்பே நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 12, வியாழன்

இங்கே பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்? எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். வேகமாக அசையும் கையை வரையும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இழுவையாக ஒன்று வரைவார்கள். அதில் விரல்கள் கூடும், நீளும், கரையும். ஓடும்போது அது கண்ணில் தனியாகப் படாது. வேகம் மட்டும் தெரியும். நிறுத்திப் பார்ப்பவனுக்குத்தான் அது பிசகு. கையால் வரைகிறவர்கள் காலம்காலமாகச் செய்கிற வேலை. இதை நானே எங்கள் நிகழ்ச்சியில் ஒருமுறை விளக்கியிருக்கிறேன், கரும்பலகையெல்லாம் வைத்து.

சிவப்பு வட்டம் போட்டபோது அது ஞாபகம் வந்ததா? வந்தது. ஈ மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது. ஓட்டிவிட்டேன். வட்டம் அவ்வளவு அழகாக இருந்தது. செனோ ‘உறுதியா’ என்று கேட்டது அந்த நொடியில்தான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடிந்தால் இன்று தூங்கியிருப்பேன். ச்சே. என்ன பொம்பள நான்.

மார்ச் 13, வெள்ளி

செனோவிடம் சொன்னேன். ரத்ரி பற்றியும் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

“அக்கா, இப்ப திருத்தம் போட்டா அடுத்த வாரம் நம்மள எவன் நம்புவான்? பெருநாள் வருது, ஜனம் ஊருக்குப் போயிடும். எல்லாம் மறந்துடும். அதுக்கப்புறம் பக்குவமா ஒரு வரி சொல்லிக்கலாம்.”

“படம் பெருநாளைக்குத்தானே வருது?”

“வரட்டும். நல்லா இருந்தா ஓடட்டும். நாம என்ன தியேட்டருக்கா பூட்டுப் போட்டோம்?”

அவனை நான்கு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். எனக்குள் வந்ததோ நிம்மதி. பெருநாள் வரைக்கும் தவணை கிடைத்த நிம்மதி.

மார்ச் 16, திங்கள்

ஒரு திருத்தம் எழுதிப் பார்த்தேன். ‘சில நேயர்கள் சுட்டிக்காட்டியபடி, குறிப்பிட்ட ஒரு காட்சி குறித்து மாற்றுக் கருத்துக்கும் இடமுண்டு.’ திரும்ப வாசித்தேன். இப்படி ஒரு வாக்கியத்தை ஏதாவது பாடகி விட்டிருந்தால் ஒரு நிகழ்ச்சி முழுக்க வைத்துக் கிழித்திருப்பேன். போடவில்லை.

மார்ச் 18, புதன்

லம்பாங்குக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தங்கை அவரிடம் சொல்லவில்லை. தாயும் மகளுமாக இருக்கும் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாராம். பெருநாளுக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

“சனிக்கிழமை அவ உன்கிட்ட வந்து மண்டி போடுவா. ஞாபகம் இருக்கா?”

இல்லை. ஞாபகம் இல்லவே இல்லை. பெருநாள் காலையில் பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார, சிறியவர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு வந்து முழங்காலில் நெற்றி வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். அதுதான் எங்கள் வழக்கம். வீட்டின் மூத்த மருமகள் நான். ரத்ரி கடைக்குட்டி. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“முன்னாடியே பேசிடு, வெனிங்” என்றார்.

பேசினேனா? இல்லை. அவளுக்கு ஒரு பெருநாள் வாழ்த்து அனுப்பினேன். பிறை, விளக்கு, ‘உடலாலும் உள்ளத்தாலும் செய்த பிழைகளை மன்னியுங்கள்’ என்று பொன்னெழுத்து. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிற அட்டை. அதற்குள் என் மன்னிப்பை ஒளித்து வைத்தேன். அவளுக்குப் புரியும், ஆனால் நான் சொன்னதாக ஆகாது. இந்த மாதிரி புத்தியெல்லாம் எனக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

அவளும் ஒரு அட்டை அனுப்பினாள். இரண்டு பிறை இருந்தது.

மார்ச் 21, சனி. பெருநாள்

தொழுகை முடிந்து வந்து வரிசையாக உட்கார்ந்தோம். மாமியார், லம்பாங், நான். சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் கோழியின் வாசம். கொழுந்தனார்கள் வந்தார்கள், அவர்கள் மனைவிகள் வந்தார்கள், குழந்தைகள் முட்டிபோட்டு வந்து காசு வாங்கிக்கொண்டு ஓடின. கடைசியில் ரத்ரி. அம்மாவின் மடியில் கொஞ்ச நேரம் முகம் வைத்திருந்தாள். அண்ணனிடம் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். என் முன்னால் வந்தாள்.

நெற்றி என் முழங்காலில் பட்டது. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

“உடலாலயும் உள்ளத்தாலயும் நான் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்க, அண்ணி.”

பதில் தயாராக இருக்கும். ‘நானும் கேட்டுக்கறேன், நல்லா இரு’ என்று தலையைத் தொட வேண்டும். வருஷா வருஷம் சொல்வதுதான். கை தலைவரைக்கும் போனது, தொடவில்லை. நான் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் அவள் எதிரே மண்டியிட்டேன். அழுகை வந்துவிட்டது. “நீ ஏன் கேக்கற, நீ ஏன் கேக்கற” என்றேன்.

மாமியார் பதறிப்போனார். “வெனிங்! பெரியவ நீ, கீழ எறங்கற! நல்ல நாளும் அதுவுமா என்ன தலைகீழ்க் கூத்து இது!” குழந்தைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. ஒரு கொழுந்தனார் கைப்பேசியைத் தூக்கினார்.

ரத்ரி என் தோளைப் பிடித்து எழுப்பினாள். அன்பாகப் பிடிக்கவில்லை. வலித்தது. பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இப்ப உங்களுக்கு மனசு லேசாயிடுச்சா, அண்ணி?”

“ரத்ரி...”

“அத்தனை பேரு முன்னாடி மூத்தவங்க தரையில விழுந்தா நான் மன்னிச்சே ஆகணும். இல்லன்னா நான் ராட்சசி. என்னைக் கேட்டீங்களா?”

நான் அப்படி நினைக்கவே இல்லை என்றேன். அது உண்மைதான். நான் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

“சொன்னது லட்சம் பேரு முன்னாடி. மன்னிப்புக் கேக்கறது பதினோரு பேரு முன்னாடி. அதுல நாலு பேரு பொடிசுங்க.” கெத்துபாட் சோற்றுக் கட்டிகளை அடுக்கிய தட்டை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். “சிரிச்சீங்களே அண்ணி. மேசையத் தட்டி. அத நான் எத்தனை தடவை பாத்தேன்னு தெரியுமா? நீங்க தட்டறப்ப உங்க கையை நிறுத்திப் பாருங்க. உங்களுக்கும் அஞ்சு விரல் தெரியாது.”

“அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நாத்தனாருக்காக மாத்திக்குவீங்க. தப்புங்கறதுக்காக மாத்த மாட்டீங்க.”



தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசற்படியில் நின்றாள். “திருத்தம் போடறதா இருந்தா நான் உங்களுக்கு உறவுன்னு சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா, நான் வரைஞ்சதும் பொய்யாயிடும், நீங்க சொல்றதும் பொய்யாயிடும்.”

மார்ச் 22, ஞாயிறு

தனியாக உட்கார்ந்து பதிவு செய்தேன். செனோவைக் கூப்பிடவில்லை. ‘சில நேயர்கள்’ என்று எவரையும் இழுக்கவில்லை. ஏழு விரல் எதற்காக வரையப்படுகிறது என்று காட்டினேன். இது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் வட்டம் போட்டேன், சந்தேகம் வந்ததைத் தள்ளிவிட்டுப் பேசினேன் என்றேன். பழைய காணொளியை நீக்கிவிட்டேன். இரண்டு இடத்தில் குரல் உடைகிறது. வெட்டவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

‘ஸ்டுடியோக்காரன் எவ்வளவு கொடுத்தான்?’ ‘பெருநாள் போனஸ் வந்துடுச்சு போல.’ ‘மிரட்டிட்டாங்க, பாவம் அக்கா.’ யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. சிவப்பு வட்டத்தைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. நீக்கிய காணொளியை வேறு யார் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் சிரிப்பு இனி என் கையில் இல்லை.

செனோ வந்தான். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “நீங்க தெரிஞ்சே செஞ்சேன்னு சொன்னது நல்லதுதான் அக்கா. ஆனா நான் உங்களை நம்பித்தானே சிரிச்சேன்?” தன் மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தனியாக ஒரு நிகழ்ச்சி தொடங்கப் போகிறானாம்.

மார்ச் 25, புதன்

வெளியே போகவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

ஜோக்ஜாவில் ‘கடலுக்கொரு மத்தளம்’ ஒரே அரங்கில், மதியக் காட்சி மட்டும் ஓடுகிறது. நாளை அதுவும் இருக்காது என்றார் டிக்கெட் கிழித்தவர். லம்பாங்கும் நானும் போனோம். எங்களைத் தவிர ஒரு குடும்பம், ஒரு கிழவர்.

படம் அப்படியொன்றும் மகத்தானதில்லை. நடுவில் இழுக்கிறது, கடல் அரசி வரும் இடம் பழைய சோறு. வழக்கம்போல விமரிசனம் எழுதத் தொடங்கிவிட்டேன் பார், புத்தி போகாது. ஆனால் அந்தச் சிறுமி கடலைப் பார்த்து மத்தளம் அடிக்கும் இடம் வந்தபோது முன்வரிசையில் இருந்த குழந்தை எழுந்து நின்று நாற்காலியை அடிக்க ஆரம்பித்தது. எத்தனை விரல் என்று யார் பார்த்தார்கள்? நான்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். அலையை அவள் கை ஓங்கி அறைவதுபோல் இருந்தது. லம்பாங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 8, புதன்

இரண்டு ஸ்டுடியோக்கள் ரத்ரியை வேண்டாம் என்றுவிட்டன. ‘அந்தக் காட்சியை வரைஞ்சவங்கன்னு தெரிஞ்சா வம்பு’ என்றார்களாம். லம்பாங் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒரு பாடகரின் சண்டை பற்றிப் பேசச் சொல்லி வேறொரு நிகழ்ச்சியிலிருந்து அழைத்தார்கள். முழுப் பாட்டையும் இன்னும் கேட்கவில்லை என்றேன். “அதனால என்னங்க, சண்டையைப் பத்தித்தானே பேசப் போறோம்” என்றார் அந்தப் பையன். நான் அவனைத் திட்ட முடியாது. அவன் குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரத்ரிக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெளியூர்க் கம்பெனி ஒன்று. சோறும் பலாக்காய்க் கறியும் கட்டி எடுத்துக்கொண்டு பந்துலுக்குப் போனேன். மாமியார் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே போ என்று கையால் காட்டினார்.

அறைக் கதவு திறந்திருந்தது. மேசைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு கேமரா தொங்குகிறது, அவள் கைகளைப் பார்த்தபடி. புது விதியாம், லம்பாங் சொல்லியிருந்தார். வரையத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை கைகள் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஒலியும் பதிவாகும். ஏ.ஐ. இல்லை என்பதற்குச் சாட்சி. மூக்கு அரித்தால்கூடக் கையை எடுக்காமல் தோளில் தேய்த்துக்கொள்கிறாள். இப்போதெல்லாம் எல்லாக் கம்பெனியும் இதைக் கேட்கிறார்களாம், ஓவியர்கள் எல்லோரிடமும். மார்ச்சிலிருந்து.

நான் வாய் திறந்தேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. என் குரல் அதில் விழுந்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்த நாட்டில் என் குரல் தெரியாதவர் யார்? பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்தேன். போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பென்சில் நிற்கவும் இல்லை. மேசைக்கு அடியில் கிடந்த முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

மூத்தவளுக்குக் காலால் எதையும் தள்ளுவது எங்கள் வீட்டில் பெரிய அவமரியாதை. உட்கார்ந்துகொண்டேன்.